உதைக்காத துப்பாக்கி

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், உருளைக்கிழங்கையும் பாலாடைக்கட்டியையும் போட்டு வேகவைத்த தட்டுகள் வந்து குவிந்துவிடும். உங்களுக்குத் தெரியாததா, டெபுடி ஷெரிஃப், நீங்களும் இந்த ஊர்ப் பெண்தானே. மருமகன் போனதிலிருந்து நான் அடுப்பையே பற்றவைக்கவில்லை. லூத்தரன் சர்ச் பெண்கள் கொண்டுவருவதில் உப்பே இருக்காது. கத்தோலிக்கப் பெண்கள் கொண்டுவருவதில் உப்பைத் தவிர வேறொன்றும் இருக்காது. இரண்டையும் கலந்து வைத்துக்கொண்டு நன்றாகவே சாப்பிடுகிறேன். தூக்கமும் வருகிறது.

என் மருமகன் டோபின் செத்தது விபத்து என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். என்னை யாரும் இங்கே இழுத்து வரவில்லை, நானாகத்தான் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தேன். உங்கள் விசாரணையில் ஒரு தப்பு இருக்கிறது. அதைத் திருத்தாமல் விட எனக்கு மனம் வரவில்லை. என் மகளுக்காக வந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டோபினைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் அவனிடம் இருந்த குறை. சியாட்டில் பட்டணத்தில் பிறந்தவன். நம் மாவட்ட ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்தான், அதாவது இடுப்பு மாற்றிக்கொண்ட கிழவிகளைக் கையைப் பிடித்து நடக்க வைக்கிற வேலை. கிழவிகளுக்கு அவன் என்றால் உயிர். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பான், நீங்க முதல்ல, நீங்க முதல்ல என்று அங்கேயே பாதி நாள் போய்விடும். யாராவது அவன் காலை மிதித்தால் அவன்தான் மன்னிப்புக் கேட்பான். என் மகள் மார்லா இவனிடம் என்னத்தைக் கண்டாள் என்று அவள் அம்மா உயிரோடு இருந்திருந்தால் கேட்டிருப்பாள். எனக்குக் கேட்கத் தெரியவில்லை. கல்யாணத்தில் கை குலுக்கினேன். கை பஞ்சு மாதிரி இருந்தது.

முதல் வருஷம் மான் சீசனில் அவனை மலைக்குக் கூட்டிப் போனேன். என் அப்பாவின் பழைய ரைபிளைக் கொடுத்தேன். சுட்டதும் அது தோளில் உதைக்கும், மறுக்கவில்லை. கோவேறு கழுதை மாதிரி உதைக்கும். இந்த மொன்டானாவில் பிறந்த ஒவ்வொருவனும் அப்படி ஒரு உதையை வாங்கித்தான் ஆளானான். சுட்டுவிட்டு இவன் என்ன செய்தான் தெரியுமா? தோளைத் தேய்த்துக்கொண்டு சிரித்தான். “இது ஏன் இப்படி இருக்கணும், வெர்லின்?” என்று கேட்டான். மாமனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் வழக்கம்தான், அதில் தப்பில்லை. ஆனால் ஏன் இப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மனிதன் துப்பாக்கியைப் பார்த்துக் கேட்பதை நான் அதுவரை கேட்டதில்லை. மலை ஏன் உயரமாக இருக்கிறது என்றும் கேட்பான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உதை என்பது துப்பாக்கி உங்களிடம் பேசுகிற பேச்சு. சரியாக வெடித்ததா, வெடிமருந்து கூடுதலா குறைவா, எல்லாவற்றையும் அது தோளில் சொல்லிவிடும். கேட்கத் தெரிந்தவனுக்குப் போதும். இதை நான் எங்கள் துப்பாக்கி கிளப்பில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவனுக்கும் சொல்வேன். அவனுக்கும் சொன்னேன். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான். பிறகு போய், தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிற போட்டி ரைபிள் ஒன்றை வாங்கி, அதன் வாயை அடைக்கிற வேலையில் இறங்கினான்.

அந்த வேலையில் அவனுக்குப் பொறுமை இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். குழல் முனையில் ஒரு பிரேக் போட்டான். அது புகையைப் பக்கவாட்டில் பீய்ச்சி உதையைக் குறைக்கும், பக்கத்தில் நிற்கிறவன் பல்லெல்லாம் ஆடும். பின்கட்டைக்குள் இருக்கிற எடையையும் ஸ்பிரிங்கையும் மாற்றினான். பொறிக்குப் போகிற வாயுவைக் கூட்டிக் குறைக்கிற திருகு ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சனிக்கிழமையும் சின்னச் சாவியால் அதைத் திருகிக்கொண்டே இருப்பான். அதுவும் போதாமல் தோட்டாவில் மருந்தையும் குறைத்தான். கடைசியில் அது துப்பாக்கியே இல்லை. தையல் மிஷின். ஒரு தடவை நானும் சுட்டுப் பார்த்தேன். ஸ்கோப்புக்குள் தெரிந்த, குறிக்கு வைத்த இரும்புத் தட்டு அசையக்கூட இல்லை. தோளில் எவனோ விரலால் தட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது. கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கிளப்பில் அவனுக்குப் ‘பஞ்சு மெத்தை’ என்று பெயர் வைத்தவன் நான்தான். எல்லோரும் சிரித்தார்கள். ஆர்லிஸ் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். ஆர்லிஸை உங்களுக்குத் தெரியும், என்னோடு ரயில் எஞ்சினில் எதிர் இருக்கையில் உட்கார்ந்து ஆயுசைக் கழித்தவன். அந்தச் சிரிப்பு ஒரு கோடைகாலம் தாங்கவில்லை. பஞ்சு மெத்தை மாவட்டப் போட்டியில் எல்லாத் தட்டையும் தட்டிவிட்டு முதலாவதாக வந்தான். எத்தனையோ வருஷமாக அங்கே முதலாவதாக வந்துகொண்டிருந்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்து, எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதான் என்றான். அதை மனசாரச் சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொருவனாக அவனிடம் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போனான். என் துப்பாக்கி உதைக்கிறது, கொஞ்சம் சாந்தப்படுத்திக் கொடு என்று. பண்ணைக்காரர்கள். கன்றுக்குச் சூடு போடுகிறவர்கள். காளை முட்டி விலா எலும்பு உடைந்தபோது விஸ்கி குடித்துவிட்டு வேலைக்குப் போனவர்கள். ஆர்லிஸும் போனான், என் முகத்தைப் பார்க்காமல். இந்த ஊரில் முதுகெலும்பு இருக்கிற ஆள் ஒருத்தன்கூட மிச்சமில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தோட்டாவுக்கு மருந்து நிரப்புகிற மேஜை என் ஷெட்டில்தான் இருக்கிறது. மார்லா கேட்டுக்கொண்டதால் அவன் அங்கே வந்து நிரப்பிக்கொள்ள விட்டேன். அந்த மேஜையில் ஒரே ஒரு விதிதான் உண்டு. நிரப்புகிறவனிடம் யாரும் பேசக் கூடாது, அவனும் பேசக் கூடாது. ஒரு தோட்டாக் கூட்டில் மருந்து விழாமல் போய்விட்டால் வெளியே இருந்து பார்த்து ஒன்றும் தெரியாது. அந்தத் தோட்டாவைச் சுட்டால் குண்டு பாதி வழியில் குழலுக்குள்ளேயே நின்றுவிடும். அதன் பின்னாலேயே அடுத்ததைச் சுட்டால் துப்பாக்கி சுடுகிறவன் முகத்தில் வெடிக்கும். இதையும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஆனால் கடைசிப் போட்டிக்கு முந்தின வாரம் அவன் போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, மார்லாவோடு சிரித்துப் பேசிக்கொண்டே நிரப்பினான். ராத்திரிக்குக் கோழியா பன்றியா என்று பேச்சு. நான் கதவருகே நின்று பார்த்தேன். கை நின்றது, பிறகு நகர்ந்தது. ஒன்று விட்டுப்போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். சொல்லியிருக்கலாம். கழுதை வயசாகிவிட்டது, ஒரே பாடத்தை எத்தனை தடவை சொல்வது என்று வீட்டுக்குள் போய்விட்டேன்.

அதனால் நான் அவனைக் கொல்லத் திட்டம் போட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் எதையும் தொடவில்லை. அவன் தோட்டா, அவன் கை, அவன் கவனக்குறைவு.

அந்தப் போட்டிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மார்லா சொல்லுவாள், தப்பாகச் சொல்லுவாள். சாப்பிட்டு முடித்து அவள் பின்கட்டில் நாய்க்கு எலும்பு போடப் போயிருந்தாள். நான் மேல் அலமாரியில் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். டோபின் துடைக்கிற துணியோடு பக்கத்தில் வந்து நின்று, குரலை இறக்கிக்கொண்டு பேசினான்.

“தோள் எவ்வளவு நாளா இப்படி இருக்கு, வெர்லின்?”

“எப்படி இருக்கு?”

“கோபப்படாதீங்க. தட்டை இடது கையால வைக்கறீங்க. கோட்டு மாட்டறப்ப மார்லா பாக்காத பக்கமா திரும்பிக்கறீங்க. சுடறதுக்கு முன்னாடியே கண்ணை மூடிக்கறீங்க. எனக்கு இதுதானே வேலை.”

அவன் ஆஸ்பத்திரிக் கிழவிகளிடம் வைக்கிற மாதிரி என் தோளில் கையை வைத்தான்.

“உங்க ரைபிளையும் ஒரு நாள் குடுங்க. மெத்துனு பண்ணித் தந்துடறேன். வெளியில பாத்தா ஒண்ணும் தெரியாது. யார்கிட்டயும் சொல்லமாட்டேன், சத்தியமா.”

யாரிடமும் சொல்ல மாட்டானாம். என் சமையலறையில் நின்றுகொண்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு, எனக்கு ரகசியம் காப்பாற்றித் தருகிறானாம். தோள் வலித்தது உண்மைதான். வலித்தால் என்ன. அது எனக்கும் என் துப்பாக்கிக்கும் நடுவில் உள்ள விஷயம். தட்டை அலமாரியில் வைத்தேன், பார்க்கலாம் என்றேன், அவன் சந்தோஷப்பட்டான். அப்போதே அவனை வெறுத்தேன். அதற்கு முன்னால் இளப்பம்தான் இருந்தது. இளப்பத்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

போட்டி அன்று காற்று பலமாக இருந்தது. நான் ரேஞ்ச் அதிகாரி, அதாவது சுடுகிறவனின் தோளருகே டைமரோடு நிற்கிற ஆள். உங்களுக்கு எங்கள் கிளப் வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு காலத்தில் பின்னாலிருந்து எவனோ கத்தப்போய், சுட்டுக்கொண்டிருந்தவன் துப்பாக்கியோடு திரும்பிவிட்டான். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு நான் ஒரு விதி போட்டேன். தோளருகே நிற்கிறவனைத் தவிர வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. வேறு ஊர்களில் ஆபத்தைப் பார்த்த எவனும் நிறுத்து என்று கத்தலாம். எங்களிடம் அது கிடையாது. ஒரே குரல்தான், அது என் குரல். எல்லோரும் அதைச் சர்ச் விதி மாதிரி மதித்தார்கள்.

டோபின் வந்து நின்றான். என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் டைமரை அழுத்தினேன். அவன் சுடச் சுடத் தட்டுகள் விழுந்துகொண்டே போயின, தையல் மிஷின் ஓடுகிற மாதிரியே. பாதியில் ஒரு சத்தம் வந்தது. வெடிச் சத்தம் இல்லை. சோடா பாட்டில் மூடியைத் திறந்தால் வருமே, அது. தட்டு விழவில்லை.

உதைக்கிற துப்பாக்கியாக இருந்திருந்தால் அவன் தோளுக்கு அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். உதை எங்கே போயிற்று என்று தோள் கேட்டிருக்கும். அவன்தான் அதை ஊமையாக்கி வைத்திருந்தானே. மறுபடி விசையை இழுத்தான், ஒன்றும் நடக்கவில்லை. உடனே அவன் கை தானாக வேலை செய்தது. தோட்டா அடுக்கியிருக்கிற மேகசினுக்கு அடியில் ஒரு தட்டு, பிடியைப் பின்னால் ஒரு இழுப்பு, அடுத்த தோட்டா ஏறியது, மறுபடி குறி. துப்பாக்கி மக்கர் செய்தால் யோசிக்காமல் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று அவன் கையைப் பழக்கியவன் நான். போட்டியில் யோசிக்கிறவன் தோற்பான். நன்றாகப் பழக்கியிருந்தேன்.

நிறுத்து என்று சொல்ல நேரம் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை. நிதானமாகவே சொல்லியிருக்கலாம், கத்தக்கூட வேண்டாம், அவன் காது என் வாய்க்குப் பக்கத்தில்தான் இருந்தது. பின்னால் நின்ற ஆர்லிஸ் என்னைப் பார்த்தான். அவன் முகத்தையும் பார்த்தேன். அவன் வாய் பாதி திறந்திருந்தது, விதி ஞாபகம் வந்து மூடிக்கொண்டான். வெர்லின் நிற்கிறான், வெர்லினுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டான். நான் டோபினின் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டை அதில் பதிந்திருந்த விதத்தைப் பார்த்து, இப்போது உதைக்கும் என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். துப்பாக்கி வெடித்து ஒரு இரும்புத் துண்டு அவன் கழுத்தில் இறங்கியிருந்தது. என் சட்டையைக் கழற்றி அழுத்திப் பிடித்தேன், அதில் குறை வைக்கவில்லை. மார்லா சாப்பாட்டு மேஜையிலிருந்து சில்லிக் குழம்பு ஊற்றுகிற கரண்டியைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தாள். டோபின் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயை அசைத்தான், வரவில்லை. மன்னிப்புத்தான் கேட்டிருப்பான். என் சட்டை பாழாகிவிட்டதே என்று.

கொஞ்சம் பயமுறுத்தத்தான் நினைத்தேன், குழல் பிளந்தால் அதோடு அந்தத் தையல் மிஷின் ஒழியும் என்றுதான் இருந்தேன் என்று முதலில் எனக்கே சொல்லிக்கொண்டேன். இங்கே வரும் வழியிலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். அது சரியில்லை. குழலில் குண்டு நிற்கும்போது சுட்டவனை நான் பக்கத்து மாவட்டத்தில் பார்த்திருக்கிறேன். அவனுக்கு எது மிச்சம் இருந்தது, எது இல்லை என்று தெரியும். தெரிந்துதான் நின்றேன்.

மார்லா இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். சாப்பிடுவதில்லை. போன் மணி அடித்தால் நடுங்குகிறாள். முந்தாநாள் சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு, “அப்பா, நாந்தான் அவனக் கொன்னுட்டேன். அன்னிக்கு அவன் மருந்து போட்டுட்டு இருந்தப்ப நான் பேசிக்கிட்டே இருந்தேன். கோழியா பன்னியான்னு கேட்டேன்பா” என்றாள். பெற்ற பிள்ளை இல்லையா. தலையைத் தடவிக் கொடுத்தேன், அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. பேசியது அவள்தானே, நான் இட்டுக்கட்டவில்லையே. இளம் வயசு, ஆறிவிடும். எங்கள் குடும்பத்துப் பெண்கள் எதையும் தாங்குவார்கள்.

அப்படியே போயிருக்கும். விபத்து என்று நீங்கள் முடித்துவிட்டீர்கள், சாப்பாட்டுத் தட்டுகள் வருவதும் குறைந்துகொண்டு வருகிறது. நேற்று ஆர்லிஸ் வராமல் இருந்திருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன்.

வாசல் படியில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். ஷெரிஃப் ஆபீசில் தன்னை விசாரித்தார்கள் என்றான். அந்தச் சின்னச் சத்தம் அவனுக்குக் கேட்டதாம், பின்னால் நின்றவனுக்கே, அந்தக் காற்றிலும். தோளருகே நின்றவனுக்கு எப்படிக் கேட்கவில்லை என்று நீங்கள் அவனிடம் கேட்டீர்களாம். அவன் சொன்ன பதிலைக் கேட்டுத்தான் நீங்கள் எல்லாவற்றையும் மூடி வைத்தீர்களாம்.

“காது போயிடுச்சுன்னு சொல்லிட்டேன்டா, வெர்லின்” என்றான். “ரயில் எஞ்சின்ல குந்துன எவனுக்குடா காது இருக்கு? அவன் பாவம், வயசாயிடுச்சு, நாங்கதான் எப்பவோ அவன உக்கார வெச்சிருக்கணும், தப்பு எங்க மேலதான்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? உனக்குக் கேக்கலேன்னாத்தான் சரியா வருது. இல்லேன்னா...”

அதோடு நிறுத்திக்கொண்டான். அந்தக் கண்ணில் பயம் இருந்தது. ஆனால் அதற்குமேல் இரக்கம் இருந்தது. அதே டோபின் இரக்கம். ஊருக்கே அவன் அதைத் தொற்றவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான்.

பிறகு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பேசினான். பில்லிங்ஸில் காது மிஷின் விற்கிற கடை இருக்கிறதாம், அவனே கூட்டிப் போகிறானாம். கிளப் கூட்டத்தில் எல்லோரும் பேசி முடிவெடுத்துவிட்டார்களாம். இலையுதிர்காலப் போட்டிக்கு வேறு ஆளை நிறுத்துகிறார்கள். நான் நாற்காலி போட்டு நிழலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குச் சூப் ஊற்ற வேண்டுமாம். ஒருவர்கூட என்மேல் கோபமாக இல்லையாம். அதை இரண்டு தடவை சொன்னான். ஒருவர்கூட இல்லையாம்.

அதனால்தான் வந்தேன். மகளுக்காக என்று சொன்னேனே, அதுவும் ஒரு காரணம்தான். எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தோட்டாவின் சத்தம் வெர்லின் ஹாஸ்கெட்டுக்குக் கேட்டது. தெளிவாகக் கேட்டது. குண்டு குழலுக்குள் நிற்கிறது என்று தெரிந்தது. அடுத்தது அவன் முகத்தில் வெடிக்கும் என்று தெரிந்தது. சொல்ல நேரம் இருந்தது, சொல்லவில்லை, அவன் சாகட்டும் என்று நின்றேன். நீங்கள் அந்த மூலைக்குப் போய் எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள், அப்படியே திருப்பிச் சொல்கிறேன்.

மார்லாவிடம் யார் சொல்வது, எப்போது சொல்வது என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒன்றும் அவசரமில்லை. ஆர்லிஸை மட்டும் இப்போதே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள், அவன் கூட்டத்துக்குச் சொல்லட்டும். என் காதில் ஒரு பழுதும் இல்லை.